எக்ஸ்எம்எல்லில் விழுந்த ஈ

கோயம்புத்தூரில் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் கையேடு எழுதுவது என் வேலை. கதவில் ‘டாக்குமென்டேஷன்’ என்று பலகை இருக்கும். உள்ளே நான், டிடிபி பார்க்கும் அக்கா, அடிக்கடி பேப்பர் சிக்கும் ஒரு பிரின்டர், அவ்வளவுதான். மோனோபிளாக், ஓபன்வெல், போர்வெல் சப்மெர்சிபிள் என்று எந்த மாடலாக இருந்தாலும் பெட்டிக்குள் கிடக்கும் சின்னப் புத்தகம் எங்கள் மேஜையைத் தாண்டித்தான் போகும். பாதிப் பேர் அதைப் பிரிக்காமலே மோட்டாரைக் குழியில் இறக்கிவிடுவார்கள் என்பது எங்களுக்கும் தெரியும்.

கையேட்டுப் பக்கங்கள் எல்லாம் கம்பெனியின் இணையதளம் ஓடும் அதே சிஎம்எஸ்ஸில், அதாவது பக்கங்களை எழுதிச் சேமித்து வெளியிடும் மென்பொருளில் இருந்தன. ஆங்கிலமும் தமிழுமாக 200 பக்கங்களுக்கு மேல். போன வருடம் ஏற்றுமதிப் பிரிவு மேனேஜர் வந்தார். மேற்கு ஆப்பிரிக்காவில் எங்கள் பம்பை எடுத்து விற்கும் ஒருவர் கையேட்டைப் பிரெஞ்சில் போடப் போகிறாராம். பிடிஎஃப் வேண்டாம், வேர்டும் வேண்டாம், டிடா எக்ஸ்எம்எல்லாகக் கொடுங்கள் என்கிறாராம். எக்ஸ்எம்எல் என்றால் உரையின் ஒவ்வொரு பகுதிக்கும் கோணக்குறிகளுக்குள் பெயர் எழுதி வைக்கும் வடிவம், அந்தப் பகுதிக்கு உறுப்பு என்று பெயர். டிடா அதில் கையேடுகளுக்கென்று வகுத்த முறை. “சிஎம்எஸ்ல இதுக்கு ஒரு பட்டன் இருக்குமில்லைங்களா?” என்றார்.

பட்டன் இருந்தது. அழுத்தினால் எக்ஸ்எம்எல் என்று பெயர் வைத்த ஒரு பெரிய கோப்பு இறங்கியது. திறந்து பார்த்தால் ஒவ்வொரு பக்கத்துக்கும் தலைப்பு, தேதி, எழுதியவர் பெயர் என்று ஒழுங்காக மூன்று உறுப்பு. நாலாவதாக, பக்கத்தின் மொத்த எச்டிஎம்எல்லும், அதாவது இணையப் பக்கத்துக்கான குறிமொழியும், ‘உள்ளே பிரித்துப் பார்க்காதே’ என்று சொல்லும் ஒரு சிடேட்டா மூட்டைக்குள் அப்படியே. வீட்டுச் சாமானை எல்லாம் ஒரே சாக்கில் கொட்டிக் கட்டி, மேலே ‘சமையலறை’ என்று சீட்டு ஒட்டியது மாதிரி.

டிடா அப்படிப்பட்டது அல்ல. ஐபிஎம்மில் உருவாகி, 2005-இல் தகவல் தரங்களை வகுக்கும் ஓயாசிஸ் அமைப்பின் தரமாக வந்தது. பெயரின் முதல் எழுத்து டார்வினைக் குறிக்கிறது. பொதுவான ஒரு வகையிலிருந்து குறிப்பான வகைகள் பண்புகளை வாங்கிக்கொண்டு கிளைப்பதால் அந்தப் பெயர். நடைமுறையில் எங்களுக்கு வேண்டியது இவ்வளவு: ஒவ்வொரு பக்கமும் தனியாக நிற்கக்கூடிய ஒரு ‘டாபிக்’. அது விளக்கமா, செய்முறையா, தகவல் அட்டவணையா என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சிங்கிள் பேஸுக்கும் த்ரீ பேஸுக்கும் என்ன வித்தியாசம் என்பது விளக்கம். மோட்டாருக்குள் தண்ணீர் நிரப்புவது செய்முறை. எத்தனை மீட்டருக்கு எந்தக் கேபிள் என்பது அட்டவணை. எந்த டாபிக் எதற்குப் பின் வரும் என்பதை ‘மேப்’ என்ற தனிக் கோப்பு சொல்லும்.

சிஎம்எஸ்ஸில் அதுவரை ஒரு பக்கம் என்றால் தலைப்புக்கு ஒரு பெட்டி, மீதிக்கெல்லாம் ஒரு பெரிய பெட்டி. அதை உடைத்து வகை, முன்தேவை, படிகள், முடிவு என்று தனித்தனிப் புலங்கள் போட்டேன். புலம் போட அரை நாள்தான் ஆனது. பழைய பக்கங்களைப் பிரித்து அந்தப் புலங்களுக்குள் உட்கார வைக்க மூன்று வாரம் பிடித்தது. டிடா செய்முறையில் ஒவ்வொரு படியிலும் ‘இதைச் செய்’ என்கிற கட்டளை வாக்கியம் இருந்தே ஆக வேண்டும். எங்கள் கையேட்டில் நாலாவது படி இப்படி இருந்தது: ‘தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும்.’ யார் பார்ப்பது, எப்போது, தெளிவாக இல்லாவிட்டால் என்ன செய்வது? எட்டு வருடமாக அச்சாகிக்கொண்டிருந்த வரி. சர்வீஸ் பிட்டரிடம் போய்க் கேட்டேன். “மோட்டாருக்குள்ள ஊத்தறதுக்கு முன்னாடி வாளியில பாத்துக்கணுமுங்க. மண்ணு கலந்திருந்தா வேற தண்ணிதான்” என்றார். அதை அப்படியே எழுதினேன். இந்த மாதிரி பதினேழு படிகள் இருந்தன.

அடுத்தது டெம்ப்ளேட். இணையப் பக்கத்துக்கு ஒரு டெம்ப்ளேட் இருப்பது போல, அதே புலங்களை டிடா உறுப்புகளாகக் கொட்ட ஒரு டெம்ப்ளேட் எழுதினேன். முதல் நாள் ஒரே பிழைதான் வந்துகொண்டிருந்தது: எக்ஸ்எம்எல் அறிவிப்பு கோப்பின் தொடக்கத்தில்தான் இருக்கலாம். இருக்கிறதே என்று நானும் மணிக்கணக்கில் வெறித்துப் பார்த்தேன். டெம்ப்ளேட்டின் உச்சியில் ஒரு காலி வரி. ‘இது எக்ஸ்எம்எல்’ என்று சொல்லும் அந்த அறிவிப்புக்கு முன்னால் ஒரு இடைவெளி கூட வரக்கூடாது என்பது விதி. எச்டிஎம்எல்லுக்கு அது பொருட்டே அல்ல என்பதால் கண் அதைப் பார்க்கப் பழகவில்லை.

மற்றவை வரிசையாக வந்தன. எடிட்டர் தாராளமாகத் தூவியிருந்த, வரி உடையாத இடைவெளிக்கான ‘என்பிஎஸ்பி’ குறி எக்ஸ்எம்எல்லுக்குத் தெரியாது. அதற்குப் பிறவியிலேயே தெரிந்த குறிகள் ஐந்துதான். எல்லாவற்றையும் 160 என்ற எண் குறியாக மாற்றினேன். டாபிக்கின் அடையாளம் இலக்கத்தில் தொடங்கக் கூடாது, சிஎம்எஸ் பக்கத்துக்குக் கொடுப்பதோ வெறும் எண். முன்னால் ஒரு எழுத்தைச் சேர்த்தால் தீர்ந்தது. சொல்லப்போனால் அந்த இடத்தில் தமிழ் எழுத்தே வைக்கலாம், எக்ஸ்எம்எல் பெயர்களில் தமிழ் செல்லும். ஆசையாகத்தான் இருந்தது. வாங்குகிறவர் பயந்துவிடுவார் என்று விட்டுவிட்டேன்.

அட்டவணை மட்டும் கொஞ்சம் ஆபத்தானது. எச்டிஎம்எல்லில் ஒரு கட்டம் மூன்று வரிசைக்கு நீள்கிறது என்றால் மூன்று என்று எழுதுவோம். டிடா பயன்படுத்தும் ‘கால்ஸ்’ என்ற அட்டவணை முறையில் ‘இன்னும் எத்தனை வரிசை’ என்று கேட்பார்கள், அதாவது இரண்டு. ஒன்றைக் கழிக்க மறந்தேன். கேபிள் அட்டவணையில் அடுத்த வரிசை முழுவதும் ஒரு கட்டம் வலப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்தது. சரிபார்க்கும் கருவி அதில் எந்தக் குற்றமும் காணவில்லை. பிரின்ட் எடுத்துப் பார்த்த பிட்டர்தான், “இந்தக் கேபிளைப் போட்டா வயரு சூடாயிடுமுங்க” என்றார். அன்றிலிருந்து அட்டவணைகளைப் பேப்பரில் பார்க்காமல் அனுப்புவதில்லை.

ஆங்கிலம் இப்படி ஒரு மாதத்தில் தேறி, கப்பல் ஏறிவிட்டது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரே மூலத்திலிருந்து இணையப் பக்கமும் பிடிஎஃப்பும் வருவதைப் பார்த்த முதலாளிக்குத் தமிழையும் அதே வழியில் எடுக்க ஆசை வந்துவிட்டது. எனக்கும் வந்திருந்தது. டிடாவேல் என்ற வடிகட்டிக் கோப்பு ஒன்றை வைத்தால் த்ரீ பேஸ் கையேட்டில் கெப்பாசிட்டர் பற்றிய பத்தி தானாக விலகிவிடும், சிங்கிள் பேஸில் மட்டும் இருக்கும். இரண்டு புத்தகத்தைத் தனித்தனியாகத் திருத்தி மாளாதவனுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லத் தெரியவில்லை.

தமிழை ஓட விட்டேன். முதல் பக்கத்திலேயே நின்றது. பிழைச் செய்தி விசித்திரமாக இருந்தது. ‘யு, கே, எச், டி’ என்ற நாலு ஆங்கில எழுத்தில் ஒரு உறுப்பு இருக்கிறதாம். அதற்குள் ‘ஐ, எஃப், எஃப், எஸ், எச், ஒய்’ என்று ஒரு பண்பு, அதாவது பெயர், சமக்குறி, மதிப்பு என்று எழுதும் கூடுதல் குறிப்பு, இருக்கிறதாம். அந்தப் பண்புக்குப் பின் சமக்குறி இல்லையாம். அப்படி ஒரு உறுப்பை நான் எழுதவே இல்லை. டிடாவிலும் கிடையாது. ஏதோ வைரஸ் என்றே நினைத்தேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா என் திரைப்பக்கம் எட்டிப் பார்த்தார். இரண்டு நொடிதான். “ஏந்தம்பி, கைகளால்னு எதுக்கு வந்திருக்குது?”

எனக்குப் புரியவில்லை. அவர் விரலை வைத்துக் காட்டினார். ஐ, எஃப் சேர்ந்தால் கை. அடுத்த எஃப் க. எஸ், எச் சேர்ந்தால் ளா. ஒய் ல. மேலே யு என்பது ர, கே, எச் மா, டி ன. “ரமான கைகளால். முன்னாடி ஒரு ஈ இருந்திருக்கோணும். ‘ஈரமான கைகளால் தொடாதீர்கள்’, நான் அடிச்ச தலைப்புதான்.”

பாமினி எழுத்துரு. அக்கா இருபது வருடம் அதில்தான் அடித்தார். பாமினியில் தமிழ் என்று கணினிக்குத் தெரியாது. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும், மேலே போர்த்திய எழுத்துருதான் தமிழ். அதில் ஈ என்ற எழுத்துக்குக் கொடுத்திருந்த விசை, இடப்பக்கம் கூர் நீட்டும் கோணக்குறி. எக்ஸ்எம்எல்லில் அந்தக் குறியைக் கண்டால் ‘இதோ ஒரு உறுப்பு தொடங்குகிறது’ என்று பொருள். அதற்கப்புறம் வந்த ‘ரமான’ உறுப்பின் பெயராயிற்று, ‘கைகளால்’ பண்பாயிற்று. பாலில் ஈ விழுந்தால் எடுத்துப் போட்டுவிடலாம். இங்கே ஒரு ஈ விழுந்து கையேடு முழுவதும் நின்றுவிட்டது.

பக்கங்களின் உள்ளடக்கத்தை எப்போதோ ஒரு மாற்றியின் வழியாக, ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடாக்கியிருந்தோம். தலைப்பு வேறு புலத்தில் இருந்ததால் சில பக்கங்களில் தப்பிப் பிழைத்திருந்தது. இணைய டெம்ப்ளேட் தலைப்பில் கோணக்குறி வந்தால் அதை உறுப்பின் தொடக்கமாக எடுத்துக்கொள்ளாதபடி பத்திரமாக மாற்றிப் போடும். நான் புதிதாக எழுதிய டெம்ப்ளேட்டில் அந்த வேலையை விட்டிருந்தேன். ஆக பழி பாமினிமேல் இல்லை, என்மேல்தான். அக்காவிடம் அதை ஒப்புக்கொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டேன்.

தலைப்புகளை மாற்றினோம், ஓடியது. பிடிஎஃப் எடுக்க முதலில் வைத்திருந்த கருவி ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் எழுத்துக்குப் பின்னால் நிறுத்தியது. அதைச் சரிக்கட்டப் போராடாமல், எச்டிஎம்எல்லாக எடுத்து பிரவுசர் வழியாக பிடிஎஃப் ஆக்கினோம். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவோடு அழகாகவே வந்தது.

அப்புறம் பின்னட்டையில் இருக்கும் சொல்லடைவைப் பார்த்தேன். ‘மோட்டார்’ இரண்டு முறை இருந்தது. ஒன்றுக்கு 4, 9, 15 என்று பக்க எண்கள், இன்னொன்றுக்கு 6, 22. எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். கண்ணாடியைக் கழற்றி மாட்டிப் பார்த்தாலும் ஒன்றுதான்.

யூனிகோடில் ‘மோ’வை இரண்டு விதமாக எழுதலாம். ம என்ற எழுத்தும் ஓகாரக் குறியும் என்று இரண்டு குறியீடாக, அல்லது ம, ஏகாரக் குறி, கால் என்று மூன்று குறியீடாக. திரையில் வேறுபாடே தெரியாது. நேரடியாக யூனிகோடில் அடித்த பக்கங்களில் முதல் வகை. பழைய மாற்றி கொம்பையும் காலையும் தனித்தனியாக இறக்கிவைத்த பக்கங்களில் இரண்டாவது வகை. கணினிக்கு அவை வேறு வேறு சொல். எங்கள் இணையதளத்தில் ‘மோட்டார்’ என்று தேடினால் பாதிப் பக்கங்கள் ஏன் வருவதில்லை என்பதும் அன்றுதான் விளங்கியது. மருந்து எளிதாகவே கிடைத்தது. எக்ஸ்எம்எல்லை வேறு வடிவத்துக்கு மாற்றும் மொழியான எக்ஸ்எஸ்எல்டி 2.0-இல் யூனிகோடை இயல்பாக்கும் ஒரு செயற்கூறு உண்டு, எல்லா உரையையும் அதன் வழியே அனுப்பினால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

இந்த வெற்றியில் எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது. சர்வீஸ் சென்டர் முகவரிகளில் ‘சௌரிபாளையம்’ தேடலில் அகப்படவில்லை. பார்த்தால், ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக் கொம்பும் ‘ள’ என்ற எழுத்தும் இருந்தன. பாமினியில் இரண்டுக்கும் விசை ஒன்றே என்பதால் மாற்றிக்குப் பிரித்தறிய வழியில்லை. இயல்பாக்கும் செயற்கூறும் இதைத் தொடாது, ஏனென்றால் ள உண்மையான எழுத்து. சரி, கொம்புக்கு அடுத்து ள வந்தால் ஔகாரக் குறியாக மாற்று என்று தரவுத்தளம் முழுவதற்கும் ஒரே கட்டளை கொடுத்தேன்.

சௌரிபாளையம் சரியாகிவிட்டது. ஆனால் பம்புக் கையேட்டில் ‘வெளியேற்றும் குழாய்’ எத்தனை இடத்தில் வரும் என்று நான் யோசிக்கவில்லை. வெளி, தெளிவு, வெள்ளம், எதுவும் மிஞ்சவில்லை. பிட்டரிடம் கேட்டு அத்தனை பாடுபட்டு எழுதிய ‘தெளிவான தண்ணீர்’ கூடப் புள்ளி வட்டமும் ஒட்டாத குறியுமாக நின்றது. முந்தின இரவு எடுத்த பேக்அப்பைத் திரும்ப ஏற்றினேன். அன்று காலை அக்கா திருத்தியிருந்த நாலு பக்கம் அதில் போய்விட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. திரும்ப உட்கார்ந்து அடித்தார். ஔகாரம் வரும் சொற்களை அவரே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். மொத்தம் பதினொன்று. அந்தப் பதினொன்றை மட்டும் பெயர் சொல்லி மாற்றினேன்.

இப்போது தமிழ்க் கையேடும் ஒரே கட்டளையில் வருகிறது. பிரெஞ்சுப் புத்தகத்தின் ஒரு பிரதி கூரியரில் வந்து அக்கா மேஜையில் கிடக்கிறது. அதில் ஈரமான கைப் படத்தை வைத்துத்தான் அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தோம்.

பழைய ஜெட் பம்பு மாடல் இரண்டு மட்டும் இன்னும் பாமினியிலேயே கிடக்கின்றன, உடல் தலைப்பு எல்லாமே. ஸ்பேர் கேட்டு யாராவது போன் செய்யும்போது மட்டும் அவற்றின் ஞாபகம் வரும். வருகிற ஏப்ரலில் அக்கா ஓய்வு பெறுகிறார். அதற்குள் அவை இரண்டையும் முடித்துவிட வேண்டும் என்று தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். நான் மாற்றியை ஓட்டுகிறேன், அவர் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு பிழைச் செய்திகளைத் தமிழில் வாசிக்கிறார்.