மீட்டர் எடுக்குறதுக்கு முன்னாடி கண்ணால பாக்குற வேலை

பழைய வீட்டுக்குக் குடி போறதுக்கு முன்னாடி வயரிங் எப்படி இருக்குன்னு பாத்துடலாம்னு தெரிஞ்ச எலக்ட்ரீஷியன் அண்ணனக் கூட்டிட்டுப் போனேன். மனுஷன் வந்ததும் அளந்து பாக்குற மீட்டரப் பையில இருந்து வெளிய எடுக்கவே இல்ல, டார்ச்சும் டெஸ்டரும்தான். "மொதல்ல கண்ணு, அப்புறம் மூக்கு, கடைசிலதான் மீட்டர்"னுட்டார்.

உடைஞ்ச ஸ்விட்ச், ஆடுற சாக்கெட் இதெல்லாம் யார் பாத்தாலும் தெரியும். கீசர் பாயிண்ட்லதான் விஷயமே இருந்துச்சு, ஒரு ஓட்டையச் சுத்தி மட்டும் லேசா பழுப்பு, துடைச்சாலும் போகல, கிட்டப் போனா கருகின வாடை. மெயின ஆஃப் பண்ணி டெஸ்டர் வெச்சுப் பாத்துட்டு கழட்டினா உள்ள ஸ்க்ரூ லூஸு, வயர் இன்சுலேஷன் மொறுமொறுன்னு ஆகி வளைச்சதும் உதிருது. லூஸான இடத்துல ரெசிஸ்டன்ஸ் ஏறி சூடாகும், சூடாகி ஆறி ஆறி இன்னும் லூஸாகும், அப்படியே போய் ஒருநாள் தீப்பிடிக்கும். எர்த் வயரையும் யாரோ கட் பண்ணி பெட்டிக்குள்ளயே சுருட்டி வெச்சிருந்தாங்க. கீசருக்குப் போய் எர்த் இல்லாம... என்ன சொல்ல!

அதிக நேரம் ஆனது டிபி பாக்ஸ்லதான், வீட்டுக்கு வர்ற கரண்ட் ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் பிரியுற பெட்டி அது. மெயின் ஆஃப்ல இருந்தாலும் அதுக்கு வர்ற வயர்ல கரண்ட் இருக்கும், அதனால கவரக் கழட்டினதும் என்னைத் தள்ளி நிக்கச் சொல்லிட்டார். ஒரு சர்க்யூட்ல 1.5 ஸ்கொயர் எம்எம் வயருக்கு 32 ஆம்ப்ஸ் எம்சிபி (ஓவர்லோட் ஆனா தானா ஆஃப் ஆகுற ஸ்விட்ச்)! அடிக்கடி ட்ரிப் ஆகுதுன்னு பெருசா மாத்தியிருப்பாங்க போல. எம்சிபி இருக்குறதே வயரக் காப்பாத்தத்தான், இப்படிப் போட்டா ஓவர்லோட்ல வயர் வெந்துட்டு இருந்தாலும் அது பாட்டுக்கு சும்மா இருக்கும். பாக்ஸ் மேல ஒரு ஓட்டை வேற மூடாம கெடந்துச்சு, பல்லி உள்ள போனா நேரா கரண்ட் ஓடுற பஸ்பார் பட்டைதான்.

கீசர் சர்க்யூட்டையும் இந்த 32 ஆம்ப்ஸ் சர்க்யூட்டையும் ஆஃப்லயே விட்டுட்டு, கவர மூடி மெயினப் போட்டு, கரண்ட் லீக் ஆனா தானா கட் பண்ற 30 மில்லிஆம்ப்ஸ் ஆர்சிசிபியோட டெஸ்ட் பட்டன அமுக்கினார், டக்குனு விழுந்துச்சு. அப்போ எர்த்தும் ஓகேதானேன்னு கேட்டேன். இந்த பட்டன் ஆர்சிசிபி வேலை செய்யுதான்னு மட்டும்தான் சொல்லும், எர்த் சரியா இருக்கான்னு அளந்துதான் பாக்கணும்னு சொல்லிட்டு அப்பதான் மீட்டர வெளிய எடுத்தார்.