ஏரோ தீவில் ஒரு வெள்ளிக்கிழமை, காலை பத்தரை

என் பிறப்புச் சான்றிதழில் என் பெயர் இல்லை. பிறந்த தேதி இருக்கிறது, ‘பெண்’ என்று இருக்கிறது, அப்பா அம்மா பெயர்கள் இருக்கின்றன. குழந்தையின் பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும். மயிலாடுதுறைப் பக்கம் என் வயதுக்காரர்கள் பலருடைய சான்றிதழ் இப்படித்தான் இருக்கும். நகராட்சியில் விண்ணப்பித்தால் பெயரைச் சேர்த்துக் கொடுத்தார்கள். அப்பா அலைந்து திரிந்து ஒரே மாதத்தில் சேர்த்து வாங்கி அனுப்பிவிட்டார். ஆனால் எங்கள் கல்யாணத்துக்கு அது போதவில்லை.

நான் வட ஜெர்மனியில் ஒரு நகரத்தில் ஆறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். நான் மணக்கவிருந்தவர் ஜெர்மானியர். திருமணப் பதிவு அலுவலகத்துக்குப் போன முதல் நாளே ஒரு நீண்ட பட்டியலைக் கொடுத்தார்கள். பிறப்புச் சான்று, மணமாகாதவர் என்பதற்கான சான்று, ஒவ்வொன்றுக்கும் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளரின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு. “அப்போஸ்டில் முத்திரையோடு கொண்டு வருகிறேன்” என்றேன். ஒரு நாட்டின் ஆவணத்தை மற்ற நாடுகள் ஏற்பதற்காக இடும் உறுதி முத்திரை அது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மையார் பொறுமையாக விளக்கினார். இந்தியா 2005-இல் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது. அதனால் இந்திய ஆவணத்தின் மேல் இருக்கும் அப்போஸ்டில் ஜெர்மனியில் செல்லாது. என் ஆவணங்கள் இந்தியாவிலுள்ள ஜெர்மன் தூதரகம் வழியாக ஒரு வழக்கறிஞரிடம் போய், அவர் ஊரில் நேரில் விசாரித்து, உண்மைதான் என்று எழுதித் தர வேண்டும். அதற்கே பல மாதங்கள் பிடிக்கும். பிறகு, மணம் செய்யத் தடையில்லை என்று சொந்த நாடு தர வேண்டிய திருமணத் தகுதிச் சான்றுக்கு மாற்றாக மாநில மேல்நீதிமன்றத்தில் விலக்கு வாங்க வேண்டும்.

ஊரிலேயே பதிவு செய்துவிடலாமே என்று தோன்றும். அவர் இந்து இல்லை என்பதால் எங்களுக்கு 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்தான் பொருந்தும். அதில் 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். இருவரில் ஒருவராவது அதற்கு முன் அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். ஆக மொத்தம் இரண்டு மாதம். எனக்குக் கிடைக்கும் விடுமுறையோ மூன்று வாரம்.

வெளிநாட்டில் கல்யாணம் வைக்க நினைக்கும் நம்மவர்கள் பெரும்பாலும் கடற்கரையையும் மண்டபத்தையும் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சடங்கு மட்டும் அங்கே, பதிவு இங்கே என்றால் அது சரிதான். சட்டப்படியான திருமணமே அங்கே நடக்க வேண்டுமென்றால், முதலில் அந்த நாட்டின் சட்டத்தைப் பாருங்கள். தோழி ஒருத்தி பாலித் தீவைச் சொன்னாள். இந்தோனேசியாவின் 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மணமக்களின் மத முறைப்படி நடந்தால்தான் திருமணம் செல்லும். இரு வேறு மதத்தில் பிறந்த எங்களுக்கு அங்கே வழி குறுகல். இப்படி ஒவ்வொரு நாடாகக் கழித்துக்கொண்டே வந்து நின்ற இடம் டென்மார்க்.

அங்கே நடைமுறை எளிமையானது. வெளிநாட்டவர் மணம் செய்துகொள்ள விரும்பினால் ஃபமிலிரெட்ஸ்ஹூசெட் என்ற குடும்பச் சட்ட அலுவலகம் ஆவணங்களைச் சரிபார்த்துச் சான்று தருகிறது. 2019-லிருந்து நாடு முழுவதற்கும் இந்த ஒரே அலுவலகம்தான். இணையத்திலேயே விண்ணப்பம், கட்டணம் ஏறத்தாழ 2,000 குரோனர். எங்களிடம் பிறப்புச் சான்றைக் கேட்கவே இல்லை. அப்பா வாங்கி அனுப்பிய அந்தச் சான்றிதழ் உறைக்குள்ளேயே இருந்துவிட்டது. கேட்டவை இவைதாம்: பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களும், அதாவது அட்டையும் வெற்றுப் பக்கங்களும் சேர்த்து, என் ஜெர்மன் வதிவிட அட்டை, மணமாகாதவர் என்ற குறிப்போடு எங்கள் நகரம் தந்த முகவரிச் சான்று, நாங்கள் உண்மையிலேயே ஒன்றாக வாழ்கிறோம் என்பதற்கு வாடகை ஒப்பந்தம், புகைப்படங்கள். நான் வெற்றுப் பக்கங்களை விட்டுவிட்டு அனுப்பினேன். திருப்பிக் கேட்டார்கள். அதில் ஒரு வாரம் போயிற்று. நீங்கள் அனுப்பும்போது 36 பக்கங்களையும் எண்ணிப் பார்த்து அனுப்புங்கள். ஆவணங்கள் முழுமையாகச் சேர்ந்தபின் ஐந்து வேலை நாளில் சான்று வந்துவிட்டது.

இதையெல்லாம் செய்து தரும் முகவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், நூற்றுக்கணக்கான யூரோ வாங்குகிறார்கள். முன் திருமணம், மணமுறிவு போன்ற சிக்கல் இல்லாதவர்களுக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் எண்ணம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. திருமண நாளில் டென்மார்க்கில் இருப்பதற்குச் சட்டப்படியான உரிமை இருவருக்கும் வேண்டும். வதிவிட அட்டையோ, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவோ காலாவதியாகி இருந்தால் நடக்காது.

சான்றுக்கு ஆயுள் நான்கு மாதம். அதற்குள் எந்த நகராட்சியில் வேண்டுமானாலும் மணம் செய்துகொள்ளலாம். கோபன்ஹேகன் நகர மண்டபத்தில் செய்பவர்கள் உண்டு, ஜெர்மன் எல்லையோரம் உள்ள டோண்டரில் செய்பவர்களும் உண்டு. நாங்கள் ஏரோ தீவைக் கேட்டோம். ஆறாயிரம் பேர் வாழும் சின்னத் தீவு அது. இப்படித் திருமணம் செய்துகொள்ள வருபவர்களை ஆண்டு முழுவதும் பார்த்துப் பழகிய இடம்.

“டென்மார்க்கா?” என்றார் அப்பா தொலைபேசியில். “நம் தரங்கம்பாடிக்காரர்கள்தானே அம்மா அவர்கள்!” அப்பா பள்ளியில் வரலாறு நடத்தியவர். ஆண்டுதோறும் மாணவர்களைத் தரங்கம்பாடியின் டான்ஸ்போர்க் கோட்டைக்கு அழைத்துப் போவார். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களுக்கு அந்த ஊரைக் கொடுத்ததும், தங்க ஓலையில் தமிழில் எழுதிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருப்பதும், 1845-இல் அவர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனதும் எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு. தாலி தை மாதம் நம் ஊரில்தான் கட்ட வேண்டும், அங்கே பதிவும் மாலை மாற்றுவதும் மட்டும் என்ற பேரில் அம்மாவும் சம்மதித்தார். ஆடி பிறப்பதற்கு முன் முடிய வேண்டும் என்பது அம்மாவின் ஒரே நிபந்தனை.

நகராட்சி கொடுத்த நேரம் 2025 ஜூலை முதல் வாரத்து வெள்ளிக்கிழமை, காலை பத்தரை. ஆனி மாதம், வளர்பிறை. எனக்கு மகிழ்ச்சி. அப்பாவுக்குத் தூக்கம் போய்விட்டது. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகுகாலம் ஆயிற்றே! நேரத்தை மாற்றிக் கேட்டேன், வேறு நேரம் காலியாக இல்லை. இரண்டு நாள் கழித்து அப்பாவே அழைத்தார். குரலில் தெளிவு வந்திருந்தது. ராகுகாலம் என்பது பகற்பொழுதை எட்டாகப் பிரித்ததில் ஒரு பங்கு. ஆறு மணிக்கு உதயம், ஆறு மணிக்கு அஸ்தமனம் என்று வைத்தால்தான் ஒன்றரை மணி நேரக் கணக்கு சரி. அந்தத் தீவில் ஜூலையில் உதயம் 4.45-க்கு, அஸ்தமனம் இரவு 10 மணிக்கு. பதினேழே கால் மணி நேரப் பகல். வெள்ளிக்கிழமைக்கு நான்காம் பங்கு. அது அங்கே 11.15 வாக்கில்தான் தொடங்குகிறது. “பத்தரைக்குத் தாராளமாகச் செய்யலாம். பதினொன்றுக்குள் முடித்துவிடச் சொல்” என்றார்.

பெற்றோருக்கு விசா வாங்கியதுதான் உண்மையான பாடு. அவர்கள் மூன்று வாரம் ஜெர்மனியில் என்னோடும், மூன்று நாள் மட்டும் டென்மார்க்கிலும் இருப்பார்கள். ஷெங்கன் விதிப்படி அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். கல்யாணம் டென்மார்க்கில் என்பதால் டென்மார்க்கிடம் கேட்பது தவறாகிவிடும். ஆளுக்கு 90 யூரோ கட்டணம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, செலவுக்கு நான் பொறுப்பு என்று இங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்த உறுதிப் பத்திரம். சென்னையில் நேரம் கிடைக்கத்தான் வாரக்கணக்கில் காத்திருந்தோம். பாஸ்போர்ட் கைக்கு வந்தது பயணத்துக்கு ஒன்பது நாள் முன்பு. இன்னொரு முறை செய்வதானால் விசாவுக்கான நேரத்தைப் பிடித்த பிறகே திருமண நாளைக் குறிப்பேன்.

அடுத்தது அம்மாவின் பெட்டி. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து பூ, இலை, பழம் எதைக் கொண்டு வந்தாலும் தாவர நலச் சான்று வேண்டும். 2019 டிசம்பரிலிருந்து இந்த விதி கடுமை. பால் பொருள்களும் கூடாது. மல்லிகையை எடுத்து வைத்தார் அம்மா, வெற்றிலையையும் எடுத்து வைத்தார், பால்கோவாவையும் எடுத்து வைத்தார். எல்லாவற்றையும் தொலைபேசியிலேயே ஒவ்வொன்றாக வெளியே எடுக்கச் சொன்னேன். விதிவிலக்குப் பெற்ற ஐந்து பழங்களில் வாழையும் தேங்காயும் உண்டு. “தேங்காயை விட்டார்களே, புண்ணியவான்கள்” என்றார் அம்மா. மஞ்சள், குங்குமம், ஒரு தேங்காய், காய்ந்த வாழைநார்க் கட்டு ஒன்று. இவற்றோடு வந்து இறங்கினார்.

வியாழக்கிழமை காரில் ஃப்ளென்ஸ்பூர்க் வழியாக எல்லை தாண்டி ஃபின்ஸ்ஹாவ் துறைக்குப் போனோம். அங்கிருந்து தீவின் சோபி துறைக்குப் போகும் கப்பலுக்கு எல்லன் என்று பெயர். 2019 முதல் ஓடும் மின்கலக் கப்பல். டீசல் நாற்றமும் இல்லை, அதிர்வும் இல்லை. ஜன்னலோர மேசையில் அம்மா காகிதக் குவளைத் தண்ணீரில் நாரை நனைத்து, நகத்தால் இழை இழையாகக் கிழித்தார். வழியில் வாங்கிய வெள்ளைக் கார்னேஷனும் சிவப்பு ரோஜாவும் மடியில். இரண்டு பூவை இந்தப் பக்கம், இரண்டை எதிர்ப்பக்கம் காம்போடு காம்பு சேர்த்துப் பெருவிரலால் அழுத்திக்கொண்டு, நாரை ஒரு சுற்றுச் சுற்றி வளையத்துக்குள் விட்டு இழுப்பார். கண் கடலில் இருக்கும், கை நிற்காது. மரிக்கொழுந்துக்குப் பதில் ரோஸ்மேரி. எதிரில் இருந்த டேனிஷ் மூதாட்டி ஊசி எங்கே என்று சைகையில் கேட்டார். அம்மா விரல்களை விரித்துக் காட்டினார். ஒரு மணி நேரக் கடல் பயணத்தில் ஒரு மாலை முடிந்தது. மற்றதை இரவு விடுதி அறையில் கட்டி, ஈரத்துணியில் சுற்றி வைத்தார்.

அன்று பிற்பகலே ஏரோஸ்கோபிங்கில் அசல் பாஸ்போர்ட்டுகளோடு பதிவு அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டியிருந்தது. அந்த ஊரைச் சொல்லாமல் போக முடியவில்லை. உருளைக்கல் தெரு, நிமிர்ந்தால் தலையில் தட்டும் கதவுகள், ஒவ்வொரு வாசலிலும் ஆளுயரத்துக்கு ஹாலிஹாக் பூச்செடி. தீவுக்குள் ஓடும் பஸ்ஸுக்குக் கட்டணமே இல்லை. அப்பா வீதிக்கு வீதி நின்று தரங்கம்பாடி ராஜ வீதியோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்தார்.

பதிவு அலுவலர் எங்கள் கோப்பைத் திறந்து முதலில் என்னைக் கூப்பிட்டார். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருப்பது அப்பாவின் பெயர். நமக்கு முன்னெழுத்தாக நிற்பது இங்கே பின்னால் போய் முழுப் பெயராக உட்கார்ந்துகொள்கிறது. ஆறு ஆண்டுகளாக வங்கியிலும் அலுவலகத்திலும் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள், எனக்குப் பழகிவிட்டது. அப்பாவுக்குத் தெரியாது. தன் பெயரைக் கேட்டதும், பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றார். அலுவலர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் விளக்கிச் சொன்னதும் அவரும் இருக்கையிலிருந்து எழுந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெயர்களை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தோம். ஓர் எழுத்துப் பிசகினாலும் பிறகு இரண்டு நாட்டில் அலைய வேண்டியிருக்கும். இந்த ஐந்து நிமிடத்தை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள்.

வெள்ளிக்கிழமைச் சடங்கு இருபது நிமிடம்கூட இல்லை. என் அம்மாவும் மாப்பிள்ளையின் தாயாரும் சாட்சிகள். அலுவலர் ஆங்கிலத்தில் சுருக்கமாகப் பேசி, இருவரிடமும் சம்மதம் கேட்டார். மோதிரம் மாற்றினோம். பிறகு அம்மா ஈரத்துணியைப் பிரித்தார். அறை முழுவதும் ரோஸ்மேரி வாசனை. மாலை மாற்றி முடிந்தபோது அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். 10.52. தேங்காயை வெளியே கடற்கரைக் கல்லில் மாப்பிள்ளையே உடைத்தார், ஒரே அடியில் சரிபாதியாக. அம்மாவுக்கு அதில்தான் முழுத் திருப்தி.

திருமணச் சான்று ஆங்கிலம், ஜெர்மன் உட்பட ஐந்து மொழிகளில் வருகிறது. டென்மார்க் சான்றுக்கு ஜெர்மனியில் அப்போஸ்டில் தேவையில்லை. எங்கள் நகர அலுவலகம் அன்றே என் நிலையை மாற்றிப் பதிந்துகொண்டது. வரி வகுப்பும் தானாக மாறியது. இந்தியாவில் காட்டுவதற்கு அப்போஸ்டில் வேண்டும், அதை டென்மார்க் வெளியுறவு அமைச்சகத்தில் தனியாக வாங்கினோம். இதனால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். நாளை குழந்தை பிறந்து ஜெர்மனியில் பதியும்போது என் பிறப்புச் சான்றை மறுபடியும் கேட்கலாம். அதனால் பெயர் சேர்த்த அந்தச் சான்றின் சரிபார்ப்பை, நெருக்கடி எதுவும் இல்லாத இப்போதே தொடங்கி வைத்திருக்கிறேன்.

ஊருக்குக் கிளம்பும் முன் அப்பா திருமணச் சான்றின் நகல் ஒன்று கேட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் பெயர் இருக்கும் வரியை விரலால் தொட்டுப் படித்தார். பிறகு நான்காக மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்துக்கொண்டார்.