ஸ்பிட்ஸ் நாயைக் குளிப்பாட்டும் முன் சீப்பை எடுங்கள்

நம்மூர் வீடுகளில் பொமரேனியன் என்று வளரும் வெள்ளை நாய்களில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ்தான். இதற்கு முடி இரண்டு அடுக்கு: மேலே நீளமான முரட்டு முடி, அடியில் பஞ்சு மாதிரி உள்முடி. உதிர்ந்த உள்முடி தரையில் விழாமல் மேல்முடியில் சிக்கி நிற்கும். அப்படியே தண்ணீர் ஊற்றினால் அந்தச் சிக்கு இறுகிச் சடையாகிவிடும். ஆகவே குளியலைவிட முந்தைய வாரல்தான் பெரிய வேலை.

நாயை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தோல் தெரியும்படி வகிடு எடுத்து, மேல்பக்க முடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கீழ்ப்பக்கத்தை மட்டும் ஸ்லிக்கர் பிரஷால் (நெருக்கமான மெல்லிய வளைந்த கம்பிகள் கொண்ட பிரஷ்) வாருங்கள். அடுத்த வகிடு அரை அங்குலம் மேலே. ஒரே இடத்தில் அழுத்தித் தேய்த்தால் தோல் சிவந்து எரியும். பிறகு ஸ்டீல் சீப்பை வேரிலிருந்து நுனிவரை இழுத்துப் பாருங்கள். தடுக்கும் இடத்தில் இன்னும் சிக்கு இருக்கிறது. காதுக்குப் பின்புறம், அக்குள், பின்தொடை, கழுத்துப்பட்டைக்கு அடியில்தான் அதிகம் மாட்டும்.

சடை ஏற்கெனவே இருந்தால் கொஞ்சம் சோளமாவு (கார்ன்ஃப்ளார்) தூவி, விரலால் பிரித்து, நுனியிலிருந்து வேர்ப்பக்கமாகச் சிறிது சிறிதாகச் சீவுங்கள். கத்தரிக்கோல் மட்டும் வேண்டாம். சடையை இழுக்கும்போது தோலும் கூடவே எழும்பி வரும், வெட்டு அதில்தான் விழும். பிரியாத சடையை கிளிப்பர் (முடி வெட்டும் மெஷின்) வைத்திருக்கும் குரூமரிடம், அதாவது நாய்க்கு முடி திருத்துபவரிடம் விடுங்கள்.

குளியலுக்கு வெதுவெதுப்பான நீர் போதும். பாட்டிலில் வேறு அளவு போடவில்லை என்றால், நாய் ஷாம்பு ஒரு பங்குக்குத் தண்ணீர் பத்துப் பங்கு. நாம் போடும் ஷாம்பு அதன் தோலுக்கு ஒத்துவராது. துணி துவைப்பவர்போல் வட்டமாகத் தேய்க்காமல், முடி படிந்த திசையிலேயே விரலால் அழுத்தி இறக்குங்கள். அலசுவதற்கு மக்கைவிட ஹேண்ட் ஷவர் நல்லது, நீர் தோல்வரை போகும். தங்கிய ஷாம்பு அரிப்பைத் தரும், நாய் சொறியும், சொறிந்த இடம் மறுபடி சிக்காகும்.

துண்டால் ஒற்றி எடுங்கள், துவட்ட வேண்டாம். டிரையரைக் குறைந்த சூட்டில், ஓரடி தள்ளிப் பிடித்து, வாரிக்கொண்டே காயவிடுங்கள். சென்னை மாதிரி கடலோர ஊர்களில் ஃபேனை மட்டும் நம்பினால் மேலே காய்ந்தது போலிருக்கும், உள்முடி மணிக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். நாற்றமும் ஈரப்புண்ணும் அதில்தான் தொடங்கும்.

நாலிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒரு குளியல், வாரம் மூன்று முறை வாரல்.

கோடைக்கு மொட்டை அடிப்பது தவறு. வெயில் நேராகத் தோலில் படும், சில நாய்களுக்கு முடி திட்டுத்திட்டாகத்தான் திரும்ப வளரும். வயிற்றுப்பக்க முடியையும் பாத விரலிடுக்கு முடியையும் குறைத்தாலே போதும்.