சர்வீசுக்கு விட்ட காடி, ட்ரிபியூனல் வரை போன கதை

பயனீட்டாளர் ட்ரிபியூனலின் தீர்ப்புத் தாள் கைக்கு வந்துவிட்டது. அதனால்தான் இப்போது எழுதுகிறேன். வழக்கு முடியும்வரை எங்கேயும் வாயைத் திறக்காதே என்று வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சர்வீஸ் செண்டரின் பெயரையோ காடியின் (காரின்) பிராண்டையோ சொல்லப் போவதில்லை. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருப்பவர்கள் ஊகித்துவிடுவீர்கள். ஊகித்தால் மனதோடு வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கமான சர்வீஸ்தான். ஆயில் மாற்றினார்கள், ஃபில்டர் மாற்றினார்கள், காடியைக் கழுவி ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தார்கள். மறுநாள் லிந்தாங் சாலையில், இரண்டு பக்கமும் செம்பனை, கடைகண்ணி எதுவும் இல்லாத இடத்தில் சிவப்பு ஆயில் லைட் எரிந்தது. உடனே ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தேன். அந்தக் கொஞ்ச நேரத்திலேயே எஞ்சினுக்குள் டக்டக்கென்று சத்தம் வர ஆரம்பித்திருந்தது. இறங்கிப் பார்த்தால், வந்த வழியெல்லாம் தாரில் ஆயில் கோடு.

என்ன ஆகியிருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் உதவும். ஆயில் ஃபில்டரின் வாயில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது சில சமயம் அந்த வளையம் மட்டும் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைப் பார்க்காமல் புதிய ஃபில்டரை மேலே திருகினால் இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்துவிடும். முதலில் ஒன்றும் தெரியாது. ஓடி ஆயில் அழுத்தம் ஏறும்போது ஒரு வளையம் பிதுங்கி வெளியே வரும், ஆயில் முழுக்கக் கொட்டிவிடும். ஆயில் இல்லாமல் பேரிங் தேய்ந்ததால்தான் அந்த டக்டக். ஃபில்டர் உட்காரும் இடத்தைத் துணியால் துடைத்து விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்திருந்தால் போதும். அரை நிமிட வேலை.

இன்சூரன்சுக்குப் போன் போட்டால், விபத்துக்குத்தான் காசு, எஞ்சின் பழுதுக்குக் கிடையாது என்றார்கள். இழுத்துப் போக லோரி மட்டும் இலவசமாக அனுப்பினார்கள். அதை நேராக சர்வீஸ் செண்டருக்கு அனுப்பாமல் எங்கள் தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, வரச் சொன்னேன். முழுப் போராட்டத்திலும் நான் செய்த மிகச் சரியான காரியம் இதுதான். காடி அவர்கள் கைக்குப் போய்விட்டால் பிறகு அவர்கள் சொல்வதுதான் கதை.

பக்கத்துத் தெருவில் போமன் (மெக்கானிக்) வேலை செய்யும் அண்ணன் டார்ச் அடித்து அடியில் பார்த்தார். “டீச்சர், ஃபில்டர் பக்கம்தான். ஆனா நான் கை வைக்க மாட்டேன். வச்சா பழிய என்மேல போட்டுருவானுங்க” என்றார். பார்த்ததை எழுதிக் கொடுங்கள் என்றால் அதற்கும் தலையை ஆட்டினார். “நாளைக்கு பார்ட்ஸ் வாங்க அங்கதான் போய் நிக்கணும் டீச்சர்.” அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பிழைப்பு அப்படி.

வாரண்டி வேறு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வெளியாள் திறந்தால் வாரண்டி போச்சு என்று போனிலேயே மிரட்டினார்கள். ஆகவே காடி அங்கே போகத்தான் வேண்டும். ஆனால் ஃபில்டரைக் கழற்றும்போது நான் பக்கத்தில் நிற்பேன் என்று வாட்ஸ்அப்பில் எழுதி, சரி என்ற பதிலை வாங்கிய பிறகுதான் சொந்தக் காசில் லோரி பிடித்து அனுப்பினேன்.

போய் நின்றால், பட்டறைக்குள் வாடிக்கையாளருக்கு அனுமதி இல்லையாம், பாதுகாப்பு விதியாம். வாட்ஸ்அப்பைக் காட்டினேன். சர்வீஸ் அட்வைசர் நம் பையன்தான். “டீச்சர், நம்ம ஆளுங்க நாம, பேசி முடிச்சிக்கலாமே” என்று குழைந்தான். பேசலாம் தம்பி, முதலில் ஃபில்டரைக் கழற்று என்றேன். அரை மணி நேரம் வாசலிலேயே நின்ற பிறகு ஒரு ஹெல்மெட்டைக் கொடுத்து உள்ளே விட்டார்கள். கழற்றினார்கள். ஒரு வளையம் ஃபில்டரில் இருந்தது, இன்னொன்று பிதுங்கிப் பாதி தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றிய பையன் தலையைக் குனிந்துகொண்டான். நான் போட்டோ எடுக்கும்வரை கையை மட்டும் அசைக்கவே இல்லை. அவன் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்பதெல்லாம் எனக்குத் தெரியும். கடைசிவரை அவனைச் சாட்சிக்கு இழுக்கவில்லை.

போட்டோ எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: வளையத்தை மட்டும் கிட்டத்தில் எடுத்தால் அது யார் காடியின் வளையம் என்று கேட்பார்கள். நம்பர் பிளேட்டில் தொடங்கி, சர்வீஸ் ஸ்டிக்கர் வழியாக, அடியில் உள்ள ஃபில்டர் வரை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். ஃபில்டரைக் கையில் கொடுங்கள் என்று கேட்டதற்கு, பழைய ஆயில் ஃபில்டர் அபாயக் கழிவு, வெளியே கொடுக்கக் கூடாது என்று சட்டம் பேசினார்கள். விரலால் தடவிப் பார்க்கத் தெரியாதவர்களுக்குக் கழிவுச் சட்டம் மட்டும் தலைகீழ்ப் பாடம்.

அதன்பிறகுதான் உண்மையான இழுத்தடிப்பு. மேலதிகாரி ஈப்போ போயிருக்கிறார், தலைமையகத்தைக் கேட்கிறோம், அடுத்த வாரம் வாருங்கள். எனக்கு மாணவர்களை விட்டுவிட்டு சி.ஆர்.கே. (ஆசிரியர்களுக்கான சிறப்பு லீவு) எடுத்துக்கொண்டு போவதென்றால் சும்மாவா? ஆண்டு முழுவதற்கும் இருக்கும் லீவே கையளவுதான். கடைசியில் லேபரில் பாதியைக் கழிக்கிறோம், பார்ட்ஸ் காசு நீங்கள் கட்டுங்கள் என்றார்கள். அதற்கும் ஒரு கடிதத்தில் கையெழுத்து வேண்டுமாம். மலாயில் இருந்த அந்தக் கடிதத்தை உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். இதுவே முழுமையான, முடிவான தீர்வு, இனி எந்தக் கோரிக்கையும் வைக்க மாட்டேன் என்று இருந்தது. இப்படி ஒரு தாளை நீட்டினால் பேனாவைத் தொடாதீர்கள்.

கையெழுத்துப் போடாமல் ஒன்றே ஒன்று கேட்டேன்: வாரண்டியில் ஏன் செய்ய மாட்டீர்கள் என்பதை எழுத்தில் கொடுங்கள். அட்வைசர் யோசிக்காமல் வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டான். ஆயில் லைட் எரிந்த பிறகும் வாடிக்கையாளர் தொடர்ந்து ஓட்டியதால் நிராகரிக்கப்பட்டது என்று. நல்லவேளை, என் காடியில் டேஷ்காம் இருந்தது, சாலையைப் பதிவு செய்யும் கேமரா. அதில் லைட் தெரியாது. ஆனால் “ஐயோ, ஆயில் லைட்டு!” என்று நான் கத்துவதும், அடுத்து சிக்னல் போடும் சத்தமும், காடி ஓரம் போய் நிற்பதும் நேரத்தோடு பதிவாகியிருந்தது. அதற்கு அடுத்து நான் சொன்ன ஒரு வார்த்தையும் பதிவாகியிருந்தது. அதைப் பிற்பாடு அரசாங்க அதிகாரி முன்னால் போட்டுக் காட்டவேண்டி வந்தது. டீச்சர் மானம் அன்றைக்குக் கப்பலேறியது.

இதற்கிடையில் தலைமையகத்திலிருந்து, எங்கள் சேவைக்கு 1 முதல் 10 வரை எத்தனை மதிப்பெண் என்று ஒரு மெசேஜ். 1 போட்டேன். வாரக்கணக்கில் போன் எடுக்காத அட்வைசர் கொஞ்ச நேரத்தில் அழைத்தான். “டீச்சர், அத 10 ஆக்க முடியுமா?”

எழுத்தில் நிராகரிப்பு வந்துவிட்டதால் காடியை ஈப்போவில் எஞ்சின் வேலை மட்டும் செய்யும் ஒரு பட்டறைக்கு மாற்றினேன். அந்தத் தௌகே (முதலாளி) பயப்படவில்லை. தேய்ந்த பேரிங்கைத் தேதி போட்டுப் படம் எடுத்து, கம்பெனி லெட்டர்ஹெட்டில் காரணம் எழுதிக் கொடுத்தார். செலவு 6,850 ரிங்கிட். செம்பு நிறம் தெரியும் அளவுக்குத் தேய்ந்த பேரிங் துண்டுகளை வீட்டிலிருந்த மைலோ டின்னில் போட்டு வைத்தேன்.

பயனீட்டாளர் ட்ரிபியூனல் பற்றிப் பலருக்குப் பயம் இருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருவது. 50,000 ரிங்கிட் வரை கோரலாம், கட்டணம் 5 ரிங்கிட், மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும், வழக்கறிஞர் கூடாது. அவர்களும் வழக்கறிஞரைக் கூட்டி வர முடியாது என்பதுதான் நமக்குப் பலம். சேவை செய்கிறவர் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 53-ஆம் பிரிவு. முதல் பாரத்தை (படிவத்தை) நானே மலாயில் நிரப்பினேன், இரண்டு பக்கம்தான்.

வம்பு வந்தது முகவரியில். பாரத்தின் நகலை எதிராளிக்கு நாம்தான் சேர்க்க வேண்டும். சர்வீஸ் செண்டரில் நேரில் கொடுக்கப் போனால், பெயர்ப்பலகையில் இருப்பது பிராண்ட்தான், எங்கள் கம்பெனி வேறு, இங்கே வாங்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கம்பெனிப் பெயர் என்னவென்று கேட்டால் வரவேற்பில் இருந்த பெண் கூரையைப் பார்க்கிறாள். இன்னொரு சி.ஆர்.கே. வீண். கடைசியில் எஸ்.எஸ்.எம். எனும் கம்பெனிப் பதிவு ஆணையத்தின் பதிவேட்டில் தேடி, செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் கம்பெனி) பெயரையும், வேறு மாநிலத்தில் இருந்த பதிவு முகவரியையும் எடுத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். சேர்ந்ததற்கான தாளைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன். நீங்கள் பாரம் நிரப்பும் முன்பே இந்தத் தேடலைச் செய்துவிடுங்கள். ரசீதின் அடியில் எறும்பு எழுத்தில்கூட அந்தப் பெயர் இருக்கலாம்.

முதல் விசாரணைக்கு வந்த கம்பெனி ஆள் அதிகாரக் கடிதம் கொண்டு வரவில்லை. ஒத்திவைப்பு. ஈப்போவுக்குப் போய்வந்ததும் லீவும் தண்டம்.

அடுத்த முறை கடிதத்தோடு வந்தார், புதுக் கதையோடும் வந்தார். கல் அடித்து ஃபில்டர் ஓட்டையானதாம். நான் எதுவும் பேசவில்லை. அவர்களுடைய வாட்ஸ்அப்பை அச்செடுத்து மேசையில் வைத்தேன். அன்றைக்கு லைட் எரிந்தும் ஓட்டினேன் என்றார்கள், இன்றைக்குக் கல். ட்ரிபியூனல் தலைவர் இரண்டில் எது என்று கேட்டார். அந்த மனிதர் பைலைப் புரட்டினார், புரட்டினார், புரட்டிக்கொண்டே இருந்தார். அடுத்து வீடியோ, அடுத்து மைலோ டின். தலைவர் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அது போதும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

பழுதுச் செலவு முழுக்கக் கிடைத்தது. போக்குவரத்துச் செலவில் ரசீது இருந்தது மட்டும் கிடைத்தது. மச்சான் காடியில் பெட்ரோல் ஊற்றிப் போனதற்கெல்லாம் தாள் இல்லை, போனது போனதுதான். லோரி ரசீது வெயிலில் வெளுத்து எழுத்தே தெரியாமல் போயிருக்கும். வாங்கிய அன்றே நகல் எடுத்ததால் தப்பித்தது. அந்த மாதிரி வெளுத்துப்போகும் தாள் ரசீது எதுவானாலும் உடனே நகல் எடுத்துவிடுங்கள்.

தீர்ப்பு வந்தால் 14 நாளுக்குள் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் அது குற்றம். கடைசி நாள் மாலையில்தான் காசு ஏறியது. எண்ணிப் பார்த்தால் லோரிக் கூலி 180 ரிங்கிட் குறைகிறது. கணக்குப் பிரிவில் விட்டுப்போச்சு டீச்சர், பார்க்கிறோம் என்கிறார்கள். திங்கட்கிழமை வரை பார்ப்பேன். ட்ரிபியூனலுக்குப் புகார்க் கடிதம் எழுதித் தீர்ப்பின் நகலோடு உறையில் போட்டு வைத்திருக்கிறேன். ஸ்டாம்ப் ஒட்டுவதுதான் பாக்கி.