அம்பாசடருக்கு அடியில் ஒரு கீச்சுச் சத்தம்

மே 4, 2024, சனி

அக்னி நட்சத்திரம் இன்றுதான் தொடங்குகிறது. வேலூருக்கு அந்த வெயில் எப்போதோ வந்துவிட்டது.

வண்டி 1996 மாடல் அம்பாசடர், டீசல். அப்பா வாங்கியது. சத்துவாச்சாரியில் எங்கள் தெருவைவிட்டு மெல்ல நகரும்போது, அடியில் அணில் கத்துவதுபோல 'கீச் கீச்' என்று ஒரு சத்தம். வேகம் கூடக்கூடக் கீச்சுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே இழுவையாகின்றன. அப்புறம் இன்ஜின் இரைச்சலில் கரைந்துவிடுகின்றன.

பட்டறையில் காட்டினேன். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஹவுசிங் போயிடுச்சு சார். கிரவுன் பினியன் செட்டே மாத்தணும், வண்டிய விட்டுட்டுப் போங்க" என்றார்கள். ஹவுசிங் என்பது பின் ஆக்ஸிலின் நடுவே இருக்கும் பெட்டி. அதற்குள் சுழலும் சின்னப் பல்சக்கரம் பினியன், அது சுழற்றும் பெரிய பல்சக்கரம் கிரவுன். நான் வண்டியை விடவில்லை. கிரவுனும் பினியனும் பல வருடம் ஒன்றோடொன்று உரசிப் பழகிய ஜோடி. பிரித்துப் பூட்டும்போது ஷிம், அதாவது இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு, கொஞ்சம் மாறினாலும் இல்லாத ஊளை வந்து சேரும். ஹவுசிங்கில் கை வைக்கும் முன் சத்தம் அங்கிருந்துதான் வருகிறதா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

மே 5, ஞாயிறு

விடியற்காலையில் நெடுஞ்சாலை ஓரத்து சர்வீஸ் ரோடு காலியாக இருக்கும். மகனைப் பின்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு போனேன்.

நிற்கும் வண்டியில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சத்தம் இல்லை. ஓடும்போது கிளட்சை அழுத்தினேன், சத்தம் அப்படியே இருந்தது. நியூட்ரலில் உருளவிட்டேன், அப்போதும் போகவில்லை. இன்ஜின், கிளட்ச் இரண்டும் கணக்கிலிருந்து கழிந்தன. கியர் பெட்டியின் பின்முனையிலிருந்து பின்சக்கரம் வரைக்கும் எங்கோ இருக்கிறது.

பிரேக்கை லேசாகத் தொட்டபடி ஓட்டினேன், மாற்றமில்லை. டிரம்முக்குள் ஷூ உரசினால் இந்த இடத்தில் சத்தம் மாறியிருக்கும். ஸ்டீயரிங்கை இடமும் வலமும் ஒடித்து வளைந்து வளைந்து போனேன். திரும்பும்போது எடை வெளிப்பக்கச் சக்கரத்துக்குப் போகும். சக்கர பேரிங் கெட்டிருந்தால் ஒரு பக்கம் கூடும், மறுபக்கம் குறையும். இதிலும் அசைவில்லை. ஸ்பிரிங் பட்டைகளின் உரசல் என்றால் மேடுபள்ளத்தில்தான் கேட்கும், இது சமதளத்திலும் விடாமல் கேட்கிறது.

"பின்னாடிதாம்ப்பா, நடுவுல" என்கிறான் மகன். அவன் காதை நம்புகிறேன், ஆனால் இரும்பு உடம்பில் சத்தம் ஒரு முனையில் பிறந்து இன்னொரு முனையில் கேட்கும்.

மே 8, புதன்

மாலையில் எதிர்வீட்டுப் பெரியவரிடம் சொன்னேன். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். முழுதும் கேட்டுவிட்டு, "சத்தத்த எண்ணிப் பாரு தம்பி. சக்கரம் ஒரு சுத்து வர்றதுக்குள்ள எத்தன வாட்டி கத்துதுன்னு பாரு" என்றார். இதைவிட நல்ல யோசனையை இந்த வாரம் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மே 11, சனி

பின்சக்கர டயரில் சாக்பீஸால் ஒரு கோடு. வண்டி நியூட்ரலில். மகனும் தெருப் பையன்களும் தள்ள, பெரியவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்ள, நான் குனிந்தபடி கூடவே நடந்தேன்.

கோடு ஒரு முறை தரையைத் தொட்டு மறுபடி தொடுவதற்குள் நாலைந்து கீச்சு!

சக்கரம், டிரம், ஆக்ஸில் பேரிங் எல்லாம் சக்கரத்தோடு சேர்ந்து ஒரு சுற்றுத்தான் சுற்றும். நேராகப் போகும்போது கிரவுனும் அதே ஒரு சுற்றுத்தான். பினியனும், கியர் பெட்டியிலிருந்து வந்து அதைச் சுழற்றும் நீளத் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்டும் மட்டுமே அதற்குள் நாலு சுற்றுக்கு மேல் போகும். இந்த டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய இரண்டு மீட்டர் உருளும். 20 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு இரண்டரைச் சுற்றுக்கு மேல், ஷாஃப்ட் பத்துக்கு மேல். அந்த வேகத்தில் கீச்சு ஏன் இழுவையாகிறது என்பதும் புரிந்துவிட்டது.

சரி, இனி சந்தேகம் இரண்டே இடத்தில்: பினியன் பேரிங், அல்லது ஷாஃப்டின் இரு முனையிலும் இருக்கும் கிராஸ், அதாவது ஷாஃப்ட் மடங்கிக்கொடுக்க உதவும் கூட்டல்குறி வடிவ இணைப்பு.

மே 12, ஞாயிறு

வெயில் ஏறுமுன் வேலை. கைப்பிரேக் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும். ஷாஃப்டைச் சுற்றிப் பார்க்க அதை எடுத்துவிட வேண்டும் என்பதால் முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்தேன். பின்பக்கத்தைத் தூக்கி ஆக்ஸிலுக்குக் கீழே ஸ்டாண்டு வைத்து, வண்டியைக் குலுக்கிப் பார்த்த பிறகே உள்ளே நுழைந்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். தயவுசெய்து.

முன் கிராஸ் சுத்தம். கிராஸின் நாலு கைகளிலும் கிண்ணம்போல ஒரு பேரிங் மூடியிருக்கும், அதுதான் கப். பின் கிராஸின் ஒரு கப்பைச் சுற்றி மட்டும் செந்நிறத் துரு, விரலால் தொட்டால் ஒட்டுகிற மெல்லிய தூள். கிரீஸ் வற்றி, இரும்போடு இரும்பு அரைந்த தூள் அது. ஷாஃப்டைக் கையால் முறுக்கினேன். கொஞ்சம் ஆட்டம் பினியனில் இருந்தது. பல்லுக்கும் பல்லுக்கும் அந்த இடைவெளி இருக்கத்தான் வேண்டும். ஹவுசிங்கின் லெவல் போல்ட்டைக் கழற்றி விரலை விட்டேன். ஆயில் போதுமான அளவு இருக்கிறது, விரலில் உலோகப் பொடி இல்லை.

துருப்பிடித்த கப்பின் விளிம்பில் சில சொட்டு ஆயில் விட்டு வண்டியை இறக்கினேன். தெருவைச் சுற்றி வந்தேன். சத்தம் இல்லை! அடுத்த தெரு தாண்டியதும் மெல்லத் திரும்பிவந்தது. எனக்கு அது போதும். குற்றவாளி அந்தக் கப்தான்.

மே 18, சனி

ஷாஃப்டைக் கழற்றும் முன் ஷாஃப்டும் பினியனும் போல்ட்டில் சேரும் இரண்டு ஃபிளாஞ்சிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டேன். பூட்டும்போது பழைய நிலையிலேயே உட்காராவிட்டால் பேலன்ஸ் கெட்டு அதிர்வு வரலாம். கப்பை வெளியே வராமல் பிடித்திருக்கும் வளையமான சர்க்ளிப்பை எடுத்து, வைஸில் வைத்து அழுத்திக் கப்புகளை வெளியே தள்ளினேன். மூன்றில் கிரீஸ் கறுத்திருந்தாலும் ஈரம் இருந்தது. நாலாவதில் ஊசி உருளைகள் பாதிக்கு மேல் பொடியாகிக் கொட்டின. கிராஸின் அந்தக் கையில் வரிவரியாகப் பள்ளம். அந்தக் கப்பின் சீல்தான் கிழிந்திருந்தது. மழைநீர் அந்த வழியாகத்தான் புகுந்திருக்க வேண்டும்.

பழையதைக் கையோடு எடுத்துப்போய், கப்பின் விட்டத்தை வெர்னியரில் அளந்து பார்த்துப் புதிய கிட் வாங்கினேன். சில நூறு ரூபாய்தான். பூட்டுவதில் கவனிக்க வேண்டியது ஒன்றே: கப்பை ஏற்றும்போது உள்ளே ஓர் ஊசி சாய்ந்து கிடந்தாலும் சர்க்ளிப் காடிக்குள் போகாது. போகவில்லையே என்று சுத்தியலால் அடித்தால் கப் உடையும். கெட்டி கிரீஸில் ஊசிகளை ஒட்டவைத்து, ஒவ்வொரு கப்புக்கும் நிதானமாக நேரம் கொடுத்தேன். கடைசியில் கிராஸ் கையில் வழுவழுவென்று மடங்கியபோது வந்த சந்தோஷம் பெரிது.

மே 19, ஞாயிறு

எல்லாரையும் ஏற்றிக்கொண்டு கணியம்பாடி வழியாக அமிர்தி வரை போய்வந்தோம். காட்டோரச் சாலையில் கண்ணாடிகளை இறக்கி, நியூட்ரலில் உருளவிட்டுக் கேட்டேன். டயர் சத்தம் மட்டும்தான்.

திரும்பும் வழியில் பழைய கப்பைப் பட்டறையில் காட்டினேன். பெரிய மேஸ்திரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வேலை பழகும் பையனைக் கூப்பிட்டு அவன் கையில் கொடுத்தார். "சக்கரத்துல கோடு போட்டு எப்படி எண்ணினீங்க, இவனுக்குக் கொஞ்சம் சொல்லுங்க சார்" என்றார். சொன்னேன். முன் கிராஸும் அதே வயதுதான், அதற்கும் ஒரு கிட் வாங்கி வைத்திருக்கிறேன். மழைக்காலத்துக்கு முன் மாற்றிவிட வேண்டும்.