அறைப் பட்டியலுக்கு முன்னால் ஒரு நேரப் பட்டியல்: பொதுக் கட்டடங்களை டிசைன் செய்த அனுபவம்

வீடு டிசைன் செய்யும்போது ஒரு வசதி உண்டு, உள்ளே இருக்கப்போவது யார் என்று தெரியும். ஆர்க்கிடெக்சர் படிப்பின் டிசைன் வகுப்பான ஸ்டுடியோவில் அது கற்பனைக் குடும்பமாகவே இருந்தாலும் யார் எங்கே தூங்குவார், யார் முதலில் எழுந்திருப்பார் என்று சொல்லிவிடலாம். பொதுக் கட்டடம் என்று வந்ததும் கையில் கிடைப்பது ஒரு பிரீஃப் மட்டும்தான். வாசிப்பறை 150 சதுர மீட்டர், அலுவலகம் 20, ஸ்டோர் 15 என்று ஒரு பட்டியல். கழிவறைக்கு எண்ணிக்கைகூட இருக்காது, நாமே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். வரப்போகிறவர்களுக்கு முகமும் கிடையாது, வயதும் கிடையாது.

ஒரு நூலகம், ஒரு சுகாதார மையம், ஒரு சமுதாயக் கூடம் என்று அடுத்தடுத்த செமஸ்டர்களில் செய்து முடித்திருக்கிறேன். இப்போது இதே கட்டத்தில் மாட்டிக்கொண்டு பபிள் டயகிராமையே (அறைகளை வட்டங்களாகப் போட்டு இணைக்கும் படம்) பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு உதவலாம் என்று எழுதுகிறேன். கான்செப்ட் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, அதைச் சொல்ல எல்லா ஸ்டுடியோவிலும் ஆள் இருக்கிறது.

முதலில் நூலகம். கேஸ் ஸ்டடிக்கு நான் எடுத்தது அமெரிக்காவில் கட்டடக் கலைஞர் லூயி கான் வடிவமைத்து 1971-இல் திறக்கப்பட்ட எக்ஸெட்டர் நூலகம். எல்லோரும் எடுப்பதுதான், நடுவில் இருக்கும் அந்தப் பெரிய வட்டத் திறப்புகளின் படத்தை ஒட்டிவிட்டு அடுத்த ஷீட்டுக்குப் போய்விடுவார்கள். எனக்குப் பிடித்தது அதன் வெளி ஓரம். புத்தக அடுக்குகள் வெயில் படாமல் உள்ளே தள்ளி இருக்கின்றன, படிக்கிறவர் ஜன்னலோரம் வந்து உட்கார்கிறார், அவர் மேசையருகே ஒரு சின்ன மரக் கதவு, தேவைப்பட்டால் இழுத்து வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளலாம். அவ்வளவு பெரிய கட்டடத்தில் ஒரே ஒரு ஆள் தன் இஷ்டத்துக்கு நகர்த்திக்கொள்ளும் ஒரு பலகை!

அதைப் பார்த்த பிறகு என் பிளானை ஜன்னலிலிருந்து உள்ளே நோக்கிப் போட ஆரம்பித்தேன். பகல் வெளிச்சம் பயனுள்ள அளவுக்கு உள்ளே வருவது ஜன்னலின் மேல் விளிம்பு இருக்கும் உயரத்தைப்போல இரண்டு, இரண்டரை மடங்கு தூரம் வரைதான் என்பது தோராயக் கணக்கு. மேல் விளிம்பு 3 மீட்டரில் இருந்தால் ஆறேழு மீட்டர். அதற்கு அப்பால் அடுக்குகளை வைத்தேன். அடுக்குகளை எங்கே வைப்பது என்பது வெளிச்சத்தோடு முடிகிற விஷயமும் இல்லை. புத்தகம் பயங்கர கனம், அடுக்கறைக்கு எடுத்துக்கொள்ளும் சுமை வாசிப்பறையைவிடக் கணிசமாக அதிகம். அதனால் அடுக்குகளை மாடியில் விருப்பப்பட்ட மூலைக்கெல்லாம் நகர்த்திக்கொண்டிருந்தால் ஸ்ட்ரக்சர் பாடம் எடுப்பவர் சிரிப்பார். தூண்கள் நிற்கும் கட்டக் கோடுகளும் அடுக்குகளின் இடைவெளியும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால் நடைபாதையின் நடுவே ஒரு தூண் வந்து நிற்கும்.

இதெல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இடைக்கால ரிவ்யூவில் வெளியிலிருந்து வந்திருந்த ஒருவர் பிளானைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எட்டு மணிக்கு நூலகத்தைப் பூட்டுகிறார்கள். கூட்ட அறையில் கூட்டம் பத்து மணி வரை நடக்கிறது. அவர்கள் எந்தக் கழிவறைக்குப் போவார்கள்?" என்று கேட்டார். கழிவறை கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருந்தது. வெளியே போகும் வழியும் அந்தக் கவுன்டரைத் தாண்டித்தான்.

அந்த ஒரு கேள்வி என் வேலை முறையையே மாற்றிவிட்டது. அன்றிலிருந்து எந்த பிராஜெக்ட்டாக இருந்தாலும் பிரீஃபில் உள்ள அறைப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒரு நேரப் பட்டியல் போடுகிறேன். இடது ஓரத்தில் அறைகள், மேலே காலை ஆறு மணி முதல் நள்ளிரவு வரை. எந்த அறை எப்போது திறந்திருக்கும், சாவி யாரிடம் இருக்கும், அந்த நேரத்தில் கட்டடத்தில் மொத்தம் எத்தனை பேர். இதை நிரப்பினாலே எந்தெந்த அறைகள் ஒரே பூட்டுக்குள் வர வேண்டும் என்று தெரிந்துவிடும். நூலகத்தில் கூட்ட அறை, கழிவறை, குடிநீர் மூன்றும் நுழைவுக்கூடத்தை ஒட்டி வெளிப்பக்கம் வந்தன, கவுன்டரும் ஒரு மடக்குக் கதவும் மீதி நூலகத்தைத் தனியே பூட்டின. பிளான் சுருங்கவும் இல்லை, விரியவும் இல்லை. ஒரு சுவர் இடம் மாறியது, அவ்வளவுதான்.

நூலகத்தில் இன்னொரு சிக்கல், புத்தகம் வெளியே போகாமலிருக்க ஒரே வாசல் வேண்டும் என்பார் நூலகர், தீப்பிடித்தால் ஓட இரண்டு வழி வேண்டும் என்பது விதி. இரண்டாவது கதவை உள்ளிருந்து தள்ளினால் மட்டும் திறக்கிற, திறந்தால் அலாரம் அடிக்கிற கதவாக வைத்தேன். புதிதாகக் கண்டுபிடித்தது ஒன்றும் இல்லை, எல்லா இடத்திலும் இருப்பதுதான். ஆனால் பிளானில் அதை வரைந்து பக்கத்தில் குறிப்பு எழுதி வைத்திருந்தால் ஜூரியில், அதாவது டிசைனை மதிப்பிடும் குழுவின் முன், ஒரு கேள்வி குறையும்.

அடுத்தது சுகாதார மையம். இங்கே நேரப் பட்டியல் முதல் நாளே பேச ஆரம்பித்தது. காலையில் கூட்டம் அலைமோதும், மதியத்துக்கு மேல் வெறிச்சோடும், ராத்திரி ஒரே ஒரு நர்ஸ் மட்டும் இருப்பார். அதாவது ஒரே கட்டடத்துக்குள் பெரிய கட்டடம் ஒன்றும் மிகச் சிறிய கட்டடம் ஒன்றும் இருக்கின்றன. நான் ராத்திரிக் கட்டடத்தை முதலில் வரைந்தேன். நர்ஸ் உட்காரும் இடத்திலிருந்து அவசர வாசலும் தெரிய வேண்டும், கவனிப்பில் இருக்கும் படுக்கைகளும் தெரிய வேண்டும், மருந்தறைக்கு அவர் நாலு எட்டில் போய்வர வேண்டும். இது அமைந்த பிறகு பகலுக்கான ஓபி அறைகளை அதைச் சுற்றி வைப்பது சுலபமாக இருந்தது. தலைகீழாக முயன்றவர்களின் பிளான்களில் அந்த நர்ஸ் நீளமான காரிடாரில் ராத்திரி முழுக்க நடந்துகொண்டே இருந்தார்.

காத்திருக்கும் இடம் பிரீஃபில் ஒரே வரிதான். ஆனால் நோயாளி தனியாக வருவதில்லை, கூட ஒருவர் வருவார், அவரோடு ஒரு குழந்தை வரும். டாக்டரைப் பார்ப்பது சில நிமிடம், மீதி நேரமெல்லாம் காத்திருப்புதான். இருமலோடு வருகிறவர்களைக் காற்றோட்டமான திறந்த தாழ்வாரத்தில் தனியே உட்காரவைத்தேன், காற்று அவர்களைத் தாண்டி வெளியே போக வேண்டுமே தவிர மற்ற காத்திருப்புப் பகுதிக்குள் வரக் கூடாது. அதற்காகவே கட்டடத்தின் திசையைத் திருப்ப வேண்டியிருந்தது.

இந்த பிராஜெக்ட்டுக்கு ஃபின்லாந்தில் காசநோயாளிகளுக்காகக் கட்டிய பைமியோ சானட்டோரியத்தைப் படித்தேன். ஆல்வார் ஆல்டோவின் வடிவமைப்பு, 1933-இல் முடிந்தது. வெளித்தோற்றத்தைவிட நோயாளி அறையைத்தான் ஒவ்வொருவரும் நேரம் ஒதுக்கிப் பார்க்க வேண்டும். படுத்திருப்பவர் பார்ப்பது உட்கூரையைத்தான் என்பதால் அதற்குக் கண்ணை உறுத்தாத பச்சை நிறம், விளக்கும் அவர் கண்ணில் நேராகப் படாத இடத்தில். கைகழுவும் தொட்டியில் தண்ணீர் சாய்வாக விழுந்து சத்தமில்லாமல் வழிகிறது, அறையில் இருவர் என்பதால் ஒருவர் கை கழுவும்போது மற்றவர் தூக்கம் கலையக் கூடாது. கதவின் கைப்பிடி டாக்டரின் கோட்டு மாட்டிக்கொள்ளாதபடி வளைந்திருக்கும். இதைப் படித்துவிட்டு நானும் என் சுகாதார மையத்தில் நோயாளிகள் படுக்கும் அறையின் சீலிங் பிளானைத் தனி ஷீட்டாகப் போட்டேன். ஜூரியில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, அது வேறு விஷயம்.

ரேம்ப் (சாய்வுப் பாதை) பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கடைசி வாரத்தில் ரேம்ப்பை ஒட்டவைக்க முடியாது. பல விதிகளிலும் அதிகபட்ச சரிவு 1:12, அதாவது 1 மீட்டர் ஏற 12 மீட்டர் நீளம். தரைமட்டத்தை 600 மி.மீ. உயர்த்தினால் ரேம்ப் 7.2 மீட்டர், இரண்டு முனையிலும் 1.5 மீட்டர் சமதளம் சேர்த்தால் 10 மீட்டரைத் தாண்டிவிடும். 900 மி.மீ. என்றால் நடுவில் இன்னொரு சமதளமும் வரும், மொத்தம் 15 மீட்டருக்கு மேல். முகப்பில் அழகுக்காக நாலு படி அதிகம் வைக்கலாம் என்று தோன்றும்போதெல்லாம் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நான் மழைநீர் உள்ளே வராத அளவுக்கு மட்டும் தரையை உயர்த்தி, சைட்டின் சரிவையே பயன்படுத்தி எல்லோரும் ஒரே வழியில் ஏறும்படி செய்தேன். ஸ்ட்ரெச்சரும் அதில்தான் வரும்.

சமுதாயக் கூடம்தான் மூன்றிலும் கஷ்டம். "பல்நோக்குக் கூடம், 200 சதுர மீட்டர்" என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். நாற்காலி மட்டும் போட்டால் ஒருவருக்கு 0.65 சதுர மீட்டர் என்ற கணக்கில் 300 பேர் வருவார்கள். மேசையும் போட்டால் ஒருவருக்கு 1.4, அப்போது 140 பேர்தான். வெளியேறும் கதவுகளின் அகலமும் கழிவறை எண்ணிக்கையும் பெரிய எண்ணுக்கு, காற்றோட்டமும் அதற்கே. சரி, நாற்காலியே தேவைப்படாத நாளில் அந்த 300 நாற்காலி எங்கே போகும்? பத்துப் பத்தாக அடுக்கினால் 30 அடுக்கு, இழுத்து வெளியே எடுக்க இடமும் சேர்த்து ஏறக்குறைய 15 சதுர மீட்டர் ஸ்டோர், அதுவும் கூடத்தை ஒட்டியே, அகலமான கதவோடு. பிரீஃபில் அந்த ஸ்டோர் இல்லை. எங்கள் வகுப்பில் பலருடைய கூடத்திலும் மேடைக்குப் பின்னால் நாற்காலி மலை இருந்திருக்கும், வரையவில்லை என்பதால் தெரியவில்லை.

எதிரொலியையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 10-க்கு 20 மீட்டர் கூடம், 6 மீட்டர் உயரம், கொள்ளளவு 1200 கன மீட்டர். தரை, சுவர், கூரை எல்லாம் கெட்டியான பரப்பு என்று வைத்துக்கொண்டு 0.03 உறிஞ்சு கெழுவில் (படும் ஒலியில் 3 சதவீதத்தை மட்டும் உறிஞ்சும்), ஒலி அடங்கும் நேரத்தைக் கணக்கிடும் சபைன் சூத்திரத்தில் போட்டால், காலிக் கூடத்தில் ஒலி அடங்க எட்டு வினாடிக்கு மேல் ஆகிறது. மைக்கில் பேசினால் ஒரு சொல்லும் புரியாது. உட்கூரை முழுவதற்கும் 0.7 அளவுக்கு உறிஞ்சும் பொருளைப் போட்டால் 1.2 வினாடிக்கு இறங்குகிறது. பேச்சுக்கு ஒரு வினாடி அளவு நல்லது, ஆள் நிறைந்தால் அதற்கும் கீழே போய்விடும். ரெண்டரில் (கம்ப்யூட்டரில் செய்த தோற்றப் படத்தில்) அவ்வளவு அழகாக இருந்த வெறும் கான்கிரீட் கூரை அன்றோடு போயிற்று.

இந்தக் கட்டடத்துக்கு நேரப் பட்டியல் போடுவதற்கு முன் சைட்டில் வெவ்வேறு வேளைகளில் போய் உட்கார்ந்தேன். அதற்குக் காரணம் கட்டடக் கலைஞர் லினா போ பார்தி. பிரேசிலின் சாவோ பாவ்லோவில் பழைய டிரம் (பீப்பாய்) தொழிற்சாலை ஒன்றைச் சமூக மையமாக மாற்றும் வேலைக்காக 1970-களில் அவர் பார்க்கப் போனபோது, ஒரு சனிக்கிழமை குடும்பங்களும் குழந்தைகளும் ஏற்கெனவே அங்கே வந்து பொழுதைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் தொழிற்சாலையை இடிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டார், அதுதான் 1982-இல் திறக்கப்பட்ட செஸ்க் பொம்பேயா. பின்னால் கட்டிய விளையாட்டுக் கோபுரங்களுக்கு நடுவே அடியில் மழைநீர்க் கால்வாய் ஓடுவதால் அங்கே கட்ட முடியாது, எனவே கோபுரங்களை அந்தரத்தில் நடைபாலங்களால் இணைத்தார். இன்று அந்தப் பாலங்களைத்தான் எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள்.

என் சைட்டில் அவ்வளவு சுவாரசியம் ஒன்றும் இல்லை. விடியற்காலையில் நடைப்பயிற்சிக்காரர்கள் குறுக்கே போவார்கள், மாலையில் பையன்கள் காலி மூலையில் பந்து விளையாடுவார்கள், மதியம் ஒரே ஒரு மரத்தடியில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் குறுக்குவழியை மூடாமல் கூடத்துக்கும் வகுப்பறைகளுக்கும் நடுவே கூரை போட்ட வழியாக விட்டேன், அதையொட்டி உட்காரத் திண்டு, கழிவறைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு கதவு. கூடம் பூட்டியிருக்கும் நாளிலும், வருடத்தில் பெரும்பாலான நாள் அது பூட்டித்தான் இருக்கும், கட்டடத்தில் ஆள் நடமாட்டம் இருக்கும்.

ஷீட் போடும்போது ஒரே தரைத்தளப் பிளானைச் சாம்பல் நிறத்தில் நாலு முறை வைத்து, காலை, மதியம், மாலை, இரவு என்று திறந்திருக்கும் பகுதிக்கு மட்டும் நிறம் கொடுத்தேன். ஐந்து நிமிடம் பேசுவதை அந்த நாலு படம் சொல்லிவிடுகிறது. செக்‌ஷனை (கட்டடத்தை நெட்டுக்கு வெட்டிக் காட்டும் படம்) 1:50-இல் பெரிதாகப் போடுங்கள், ஆட்களை வரையுங்கள், அதில் நிற்பவர்கள் மட்டும் இல்லாமல் உட்கார்ந்தவர், சக்கர நாற்காலியில் இருப்பவர், நாற்காலி சுமப்பவர் எல்லோரும் இருக்கட்டும். ரெண்டருக்குக் கடைசி இரண்டு ராத்திரியைக் கொடுப்பதற்குப் பதில் மாடலுக்குக் கூரையைக் கழற்றும்படி செய்தால் ஜூரியில் உள்ளவர்கள் குனிந்து பார்ப்பார்கள். குனிந்து பார்க்கிறவர் கொஞ்சம் மெதுவாகத்தான் திட்டுவார்.

கடைசி ஜூரியில் ஒருவருக்குக் கூரை சாதாரணமாக இருப்பதாகத் தோன்றியது, பொதுக் கட்டடம் தூரத்திலிருந்தே அடையாளம் தெரிய வேண்டாமா என்றார். நியாயமான கேள்விதான், என்னிடம் அதற்கு நல்ல பதில் இல்லை. இன்னொருவர் இரவுப் பிளானையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குறுக்குவழியைப் பத்து மணிக்கு மேல் யார் பார்த்துக்கொள்வார், அங்கே வெளிச்சம் எவ்வளவு என்று கேட்டார். காவலர் அறையிலிருந்து வழி முழுவதும் தெரியும் என்று கோடு போட்டுக் காட்டினேன். திண்டு இருக்கும் வளைவுக்குப் பின்னால் மட்டும் தெரியாது, அதை அவரே விரல் வைத்துக் காட்டினார். போர்ட்ஃபோலியோவுக்காக இப்போது அந்த வளைவை நேராக்கிப் பார்க்கிறேன், நேராக்கினால் மரத்தை வெட்ட வேண்டியிருக்கிறது, வளைவை வைத்துக்கொண்டு காவலர் அறையை நகர்த்த முடியுமா என்று பார்க்க வேண்டும்.