இ.எக்ஸ்.இ. கற்ற பாடம் பி.டி.எஃப்.புக்கு

வண்ணார்பேட்டையில் நண்பர் நடத்தும் கணினிக் கடைக்கு வந்த மடிக்கணினியில், மின்கட்டண ரசீது என்ற பெயரிலிருந்த பி.டி.எஃப். கோப்பைத் திறந்ததிலிருந்தே கோளாறு தொடங்கியிருந்தது.

இப்படிக் கோப்பில் ஒளிந்து வரும் தீங்குநிரல்களைக் கண்டறியக் கணினியைப் பயிற்றுவிக்க மாதிரிகள் வேண்டும். அவற்றில் இ.எக்ஸ்.இ. (விண்டோஸில் இயங்கும் நிரல் கோப்பு) மாதிரிகளே ஆய்வுக்கு ஏராளமாகக் கிடைக்கின்றன, மற்றவை குறைவு. ஆகவே, கோப்பின் ஒவ்வொரு பைட்டையும் 0 முதல் 255 வரையிலான சாம்பல்நிறப் புள்ளியாக்கிப் படமாகப் பார்க்கும் முறையில், இ.எக்ஸ்.இ.யில் பயின்ற நரம்பியல் வலைப்பின்னலின் (மாதிரிகளைப் பார்த்துக் கற்கும் நிரலின்) தொடக்க அடுக்குகளை அப்படியே வைத்துக்கொண்டு, கடைசி அடுக்குகளை மட்டும் சில நூறு பி.டி.எஃப். மாதிரிகளால் மறுபடி பயிற்றுவிக்கலாம். கேட்பதற்கு எளிதுதான்.

மேக்ரோ என்ற சிறு தானியங்கி நிரலைத் தாங்கிவரும் வேர்டின் டாக்எம் கோப்போ உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம், அதாவது சுருக்கிக் கட்டியது. அதைப் பிரிக்காமல் படமாக்கினால், ஆன்டெனா திரும்பிய பழைய தொலைக்காட்சியைப் போல வெறும் புள்ளிமழைதான் தெரியும். பாளையங்கோட்டையில் என் மாணவர்கள் இதில் இரண்டு நாள் வீணடித்தார்கள். நானும் கவனிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிரித்து, உள்ளிருக்கும் மேக்ரோவைத் தனியே எடுத்த பிறகுதான் படத்தில் கோடுகள் தெரிந்தன.